பெயரோடு வந்த வாக்கு

தவசீலிக்கு வேண்டியது ஒரே ஒரு சொல்: நடை. தூத்துக்குடி இணையப் பெயர்ப் பதிவகத்தின் பட்டியலில் அந்தச் சொல் காலியாக இருந்தது. அதுதான் அவளுக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. இரண்டே எழுத்து. சட்டென்று வாயில் நிற்கும். இப்படி ஒரு பெயரை நாற்பது வருடத்துக்கு முன்பே யாராவது டொமைனாகப் பதிந்து, இன்றுவரை கைவிடாமல் வைத்திருக்க வேண்டுமே.

"காலியாத்தான் இருக்கு," என்றார் பதிவாளர் மணவாளன். மேசைமேல் இருந்த திரையை அவள் பக்கம் திருப்பினார். "ஆனா வெறும் பேரு இல்லம்மா. அதுமேல ஒரு வாக்கு ஏறியிருக்கு."

"வாக்கு இல்லாத பேரு எதுவும் இல்லையா சார்?"

"இருக்கு. நீங்களே புதுசா ஒண்ணு உண்டாக்கிப் பதியலாம். ஆனா புதுப் பேரை உதவியாள் மிசினு எதுவும் நம்பாது. மூணு வருசம் காத்திருக்கணும். உங்களுக்கு எத்தன நாள் இருக்கு?"

"ரெண்டு மாசம் சார்," என்றாள் தவசீலி.

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. முத்தையாபுரத்தில் செயற்கைக் கால்களைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தாள். முட்டியில் மோட்டாரும் பாதத்தில் சென்சாரும் வைத்த கால்கள். எல்லாரும் 'கால் கம்பெனி' என்றே சொல்லும் ஒரு பெரிய நிறுவனம் அவற்றைப் பதினைந்து வருடமாக விற்றுவந்தது. இப்போது ஏழாம் வரிசைக் கால்களைக் கைகழுவப் போகிறது. ஆகஸ்ட் கடைசித் தேதியோடு அந்தக் கால்களுக்குக் கம்பெனியிடமிருந்து வருகிற அனுமதி நின்றுவிடும். அதன்பிறகு முட்டி பூட்டிக்கொள்ளும். முடிந்தவர்கள் புதுக் கால் வாங்கிக்கொள்ளலாம். மற்றவர்கள் மடங்காத காலை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். தெற்கே ஐந்து மாவட்டங்களில் மட்டும் அப்படி அறுநூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள்.

அந்தப் பூட்டைத் திறக்கும் முறையைத் தவசீலியும் அவளோடு பட்டறையில் வேலை பார்க்கும் இசக்கியப்பனும் இரண்டு வருடம் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்திருந்தார்கள். அதை அறுநூறு பேருக்கும் கொண்டு சேர்க்க ஓர் இணையதளம் வேண்டும். தளம் தொடங்குவது பெரிய காரியமில்லை. ஆனால் இந்தக் காலத்தில் யாரும் தாங்களாகத் தேடித் தளங்களைப் பார்ப்பதில்லை. காதோரம் மாட்டிக்கொள்ளும் உதவியாளிடம் கேட்கிறார்கள். அது போய்ப் பார்த்து வந்து சொல்கிறது. உதவியாளுக்கு மனிதர்களைத் தெரியாது. பெயர்களைத்தான் தெரியும். பழைய பெயரா, இதுவரை யாரையும் ஏமாற்றாத பெயரா என்று பார்க்கும். அவ்வளவுதான்.

"வாக்கைக் கட்டாயம் எடுத்துத்தான் ஆகணுமா சார்?"

மணவாளன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு ஊர்ல டயாலிசிஸ் சென்டரை மூடிட்டாங்க. பேரைப் புதுப்பிக்கல. யாரோ ஒருத்தன் எடுத்துக்கிட்டான். நோயாளிங்களோட உதவியாளெல்லாம் பழைய பேரை நம்பி அங்கயே தேதி கேட்டுது. அங்கயிருந்தும் சரி, வாங்கன்னு பதில் போயிருக்கு. போய் நின்னா பூட்டின கதவு. அந்தத் தேதி கிடைச்சிருக்குன்னு நம்பாம இருந்தா வேற எங்கயாவது பதிஞ்சிருப்பாங்க. பதினாலு உசுரு போச்சும்மா." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அதுக்கப்புறம்தான் இந்தச் சட்டம். பேரை எடுக்கறவங்க அது கொடுத்த வாக்கையும் எடுக்கணும்."

திரையில் அந்த வாக்கு ஒரே வரியாக இருந்தது. தவசீலி இரண்டு முறை படித்தாள்.

'யார் காலையில் அழைத்தாலும், அவர் நடந்து முடித்துப் போதும் என்று சொல்லும்வரை, இங்கிருந்து ஒரு மனிதக் குரல் துணை வரும்.'

"இப்ப யாராவது கூப்பிடுதாங்களா?"

"ஒரே ஒருத்தர். தினமும் காலைல ஆறு மணிக்கு. இந்தப் பேரை வச்சிருந்த அம்மா தவறி ஏழு மாசம் ஆச்சு. அதுலயிருந்து பேரு எங்க பொறுப்புல இருக்கறதால நாங்கதான் முறை வச்சு எடுக்கோம். திங்கக்கிழமை என் முறை."

"என்ன பேசுவாரு?"

"வாய்க்கால், கொக்கு, வயலு. நல்ல மனுசன். ஆனா லேசுல விட மாட்டாரு."

தொடர்ந்து மூன்று நாள் எடுக்காமல் விட்டால் பெயர் பறிபோகும் என்றும், எடுத்தார்களா இல்லையா என்று பதிவகத்தின் பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி நாள்தோறும் பதியப்படும் என்றும் விளக்கினார். அழைப்பவர் தாமாகவே கையெழுத்துப் போட்டு விடுவித்தால்தான் விடுதலை. பெயர் வைத்திருப்பவர் அதைக் கேட்கக் கூடாது. கேட்டால் கட்டாயப்படுத்தியதாக ஆகிவிடும்.

தினமும் காலையில் ஒருவரோடு கொஞ்ச நேரம் பேச வேண்டும், அவ்வளவுதானே என்று தவசீலி நினைத்தாள். அறுநூறு முட்டிகளை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

பெயர் கிடைத்த பிறகு அதை எங்கே குடிவைப்பது என்ற கேள்வி வந்தது. பட்டறையில் கழற்றிப்போட்ட முட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து இசக்கியப்பனும் அவளும் அதைப் பேசினார்கள். இசக்கியப்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஐம்பது வயது. அவருடைய இடது காலே ஏழாம் வரிசைக் கால்தான்.

"பெரிய சர்வர் கம்பெனிக்காரன் ஹோஸ்டிங்தான் நல்லது," என்றார். "ஒலகம் பூரா சர்வர் வச்சிருக்கான். ஒண்ணு நின்னா இன்னொண்ணு ஓடும்."

"ஓடும் அண்ணன். ஆனா கால் கம்பெனி ஒரு கடுதாசி போட்டா அரை மணி நேரத்துல நம்ம பக்கத்தைத் தூக்கிருவான். அப்புறம் நாம யார்ட்ட போய் நிக்க? அங்க பேச ஆளே கிடையாதே. எல்லாம் மிசினுதான பதில் சொல்லும்."

"அப்ப சர்க்கார் சர்வர்?"

"அங்க ஒவ்வொரு படத்தையும் பாத்து அனுமதி கொடுக்க ஆறு மாசம் ஆகுமாம்."

இசக்கியப்பன் தாடையைச் சொறிந்தார். "உப்பளத்துப் பொம்பளைங்க வச்சிருக்காங்களே, அதைக் கேப்போமா?"

பழைய உப்புக் கிடங்கு ஒன்றில், உப்பளத்தில் வேலை செய்த பெண்கள் கூட்டுறவாகச் சேர்ந்து சர்வர் நடத்திவந்தார்கள். கடல்நீரைக் குழாயில் சுற்றவிட்டு அறையைக் குளிர்விக்கிற ஏற்பாடு. மறுநாள் இருவரும் போனார்கள். உள்ளே நுழைந்ததும் கண்ணில் உப்புக்காற்றின் கரிப்பு. வரிசையாக நின்ற பெட்டிகளுக்கு நடுவே துடைப்பத்தோடு வந்தார் தலைவி அந்தோணியம்மாள்.

தவசீலி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். பூட்டைத் திறப்பது குற்றமில்லை என்று நீதிமன்றம் சொன்னதையும், அதை ஊருக்குச் சொல்லிக்கொடுப்பது குற்றமா என்ற வழக்கு இன்னும் முடியாததையும் சேர்த்தே சொன்னாள்.

"நாங்க சின்ன ஆளுங்க," என்றார் அந்தோணியம்மாள். "கடல் உள்ள வந்தா ரெண்டு நாள் நின்னுரும். வேகம் கொறச்சலாத்தான் இருக்கும். அதெல்லாம் உங்களுக்குச் சரியா?"

"கம்பெனிகிட்ட இருந்து எடுக்கச் சொல்லித் தாள் வந்தா?"

"தாள் வந்தா நாங்க எடுக்க மாட்டோம். ஆள் வரணும். இங்கன வந்து, இந்தப் பெஞ்சுல உக்காந்து, எதுக்காக எடுக்கணும்னு எங்க பதினெட்டுப் பேருக்கும் சொல்லணும். கேட்டுட்டு நாங்க கை தூக்குவோம்." துடைப்பத்தை மூலையில் சாத்தினார். "இதுவரைக்கும் ஒருத்தனும் வந்ததில்ல."

ஜூன் மாத நடுவில் தளம் உப்புக் கிடங்கில் குடியேறியது. அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு முதல் அழைப்பு வந்தது.

"வணக்கம்மா. புது ஆளா?"

"ஆமா சார். தவசீலி."

"நான் கோமதிநாயகம். அம்பாசமுத்திரம் பக்கம். சார்லாம் வேண்டாம் தங்கச்சி." குரல் நிதானமாக இருந்தது, ஐம்பத்தைந்து அறுபது வயது மதிக்கலாம். "இப்பந்தான் வாய்க்கால் கரையில எறங்குதேன். தண்ணி நல்லா போகுது. அந்தப் பக்கம் நாலு கொக்கு நிக்கி. உங்க ஊர்ல எப்படி இருக்கு?"

எங்கள் ஊரில் உப்பும் புகையும் என்றாள். அவர் சிரித்தார். நாற்றங்கால், மருதமரம், யாரோ வயலில் ஓட்டுகிற டிராக்டர் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். எப்போது 'போதும்' என்பார் என்று அவள் காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. பேச்சு ஓய்கிற இடத்திலெல்லாம், "அப்புறம் தங்கச்சி?" என்றார். ஏழு மணிக்கு, குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று அவள் சொன்ன பிறகுதான், "அய்யோ, போயிட்டு வாங்க," என்று வைத்தார்.

ஒவ்வொரு நாளும் அப்படியே. பாவம், தனி ஆள் போலிருக்கிறது, வீட்டில் பேச ஒருவரும் இல்லை போல என்று தவசீலி நினைத்துக்கொண்டாள். அவர் தன் வீட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை. கேட்டால் வருத்தப்படுவாரோ என்று அவளும் கேட்கவில்லை. கட்டிலில் சாய்ந்தபடி பல் துலக்காமல் பேசுவாள். மூச்சு வாங்காமல் எப்படி இவரால் இவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று ஆச்சரியப்படுவாள்.

முதல் மாதம் நன்றாகவே இருந்தது. பிறகு உறுத்தத் தொடங்கியது. பனிமயமாதா திருவிழாவுக்கு நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த அக்கா வீட்டார், காலையில் இவள் ஒரு மணி நேரம் அறைக்குள் யாரோடோ பேசுவதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். அண்ணன் மகள் கல்யாணத்தன்று, முகூர்த்த நேரத்தில் மண்டபத்துக்கு வெளியே நின்று மருதமரத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். காய்ச்சலிலும் எடுத்தாள். ஒருநாள் அவர், "சத்தம் ஒரு மாதிரி இருக்கே, உடம்பு சரியில்லையா?" என்றார். இல்லை அண்ணாச்சி, நல்லாத்தான் இருக்கேன் என்று பொய் சொன்னாள். முன்னால் இருந்த அம்மாவுக்கு எப்படிச் சலிக்காமல் இருந்தது என்று தெரியவில்லை.

ஆனால் தளம் நினைத்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. பழைய பெயர் என்பதால் உதவியாள்கள் தயங்காமல் வந்தன. ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் ஐந்நூற்று எழுபது பேர் பூட்டைத் திறந்திருந்தார்கள். செப்டம்பர் முதல் தேதி காலையில் இசக்கியப்பன் பட்டறையின் நடுவில் நின்று இடது முட்டியை மடக்கினார், நீட்டினார், மறுபடி மடக்கினார். பிறகு டீ வாங்கிவரப் போனார். வழக்கமாகத் தவசீலிதான் போவாள்.

கால் கம்பெனி உப்புக் கிடங்குக்குத் தாள் அனுப்பியது. ஆள் வரட்டும் என்று அந்தோணியம்மாள் பதில் போட்டார். யாரும் வரவில்லை. அதன்பிறகு கம்பெனி வேறு பக்கமாகத் திரும்பியது. பதிவகத்தின் அழைப்புப் பட்டியலைக் கம்பெனியின் வக்கீல்கள் தினமும் எடுத்துப் பார்ப்பதாக மணவாளன் அவளிடம் சொன்னார்.

"மூணு நாள் நீங்க எடுக்காம இருப்பீங்களான்னு பாக்காங்கம்மா. கவனமா இருங்க."

நவம்பர் மழையில் தவசீலிக்குத் தொண்டை கட்டியது. இரண்டாம் நாள் குரல் சுத்தமாகப் போய்விட்டது. ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது என்றார் டாக்டர். தளத்தில் வேலை செய்கிற எந்த மனிதரின் குரலும் போதும் என்று மணவாளனிடம் எழுதிக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஃபோனை இசக்கியப்பனிடம் கொடுத்தாள். அவருக்குச் சட்டத்தின் நுணுக்கமெல்லாம் தெரியாது. காலையில் யாரோ கூப்பிடுவார், பேச வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

மூன்றாம் நாள் காலை இசக்கியப்பன் நேராகத் தவசீலி வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"தவசீலி, நான் ஒண்ணு கேட்டுப்புட்டேன். தப்பான்னு தெரியல."

என்ன என்று கையால் கேட்டாள்.

"அண்ணாச்சி, இந்தப் பொண்ணு உடம்பு சரியில்லாம கெடக்கு. அஞ்சு மாசமா ஒரு நாளும் லீவு இல்ல. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டு விட்டிரக் கூடாதான்னு கேட்டேன்."

தவசீலி தலையில் கை வைத்தாள்.

"அதுக்கு அவரு, நானா விடணும்? அவங்கல்லா என்னை விடணும்னு சொல்லுதாரு. எனக்கு ஒண்ணும் புரியல. நீயே கேட்டுக்கோ. குரல் வந்ததும் பேசச் சொன்னாரு."

குரல் திரும்ப இன்னும் நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் அவள் அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் ஆறு மணிக்கு எடுத்தபோது கோமதிநாயகம் வாய்க்காலைப் பற்றிச் சொல்லவில்லை.

"தங்கச்சி, நான் லாரிக்குச் சார்ஜ் போடுற ஸ்டேஷன் வச்சிருக்கேன். தென்காசி ரோட்டுல. பதினொரு வருசத்துக்கு முன்னால ஸ்டேஷனுக்காக ஒரு பேரு எடுத்தேன். வழின்னு. திருநெல்வேலி பதிவகத்துல. அதுமேல ஒரு வாக்கு இருந்துது."

"என்ன வாக்கு அண்ணாச்சி?"

"'நடை என்ற தளத்துக்கு ஒவ்வொரு நாள் காலையும் அழைப்போம். அங்கே இருப்பவர் போதும் என்று சொல்லும்வரை பேசிக்கொண்டிருப்போம்.' இதுதான். அங்க யாரோ தனியா இருக்காங்க, பேச்சுத்துணை வேணும்போலன்னு நெனச்சேன். விடுதலை கேக்கக் கூடாதுன்னு எங்க பதிவாளரும் சொல்லிட்டாரு."

தவசீலி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உங்களுக்கு வீட்டுல ஆள் இல்லன்னு நான் நெனச்சேன்."

"எனக்கா? பொண்டாட்டி, மூணு பொண்ணு, ரெண்டு மருமகன். காலைல ஆறு மணிக்கு எங்க வீட்டுல நிக்க எடம் இருக்காது. இந்த போனுக்காகத்தான் ஸ்டேஷனுக்கு வந்து ரூமைச் சாத்திட்டு உக்காருதேன்."

"அப்ப வாய்க்கால்?"

"வாய்க்கால் இருக்கு. ரோட்டுக்கு அந்தப் பக்கம். நான் நடந்ததெல்லாம் இல்ல. தளத்துக்குப் பேரு நடைன்னு இருக்கே, நடக்கிற மாதிரி சொன்னா உங்களுக்குச் சந்தோசமா இருக்கும்னு சொன்னேன். நீங்க நடந்துக்கிட்டுத்தான கேட்டீங்க?"

"நான் கட்டில்ல இருந்தேன் அண்ணாச்சி."

இருவரும் சிரித்தார்கள். தொண்டை வலித்தும் தவசீலியால் அடக்க முடியவில்லை. ஐந்து மாதமாக அவர் 'போதும்' என்பதற்கு இவளும், இவள் 'போதும்' என்பதற்கு அவரும் காத்திருந்திருக்கிறார்கள். தண்ணீர் வந்துவிட்டது என்று அவள் சொல்லாவிட்டால் மதியம்வரை அவர் கொக்கைப் பற்றிப் பேசியிருப்பார்.

சிரிப்பு அடங்கியதும் கோமதிநாயகத்தின் குரல் மாறியது.

"உங்களுக்கு முன்னால ஞானசெல்வம்னு ஒரு அம்மா இருந்தாங்க. திருச்செந்தூர்ல செருப்புக் கடை. பத்து வருசம் பேசினேன் தங்கச்சி. கடைசி ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில இருந்து எடுத்தாங்க. நர்சு பேசுற சத்தம் பின்னால கேக்கும். அவங்களுக்குப் பேச முடியாது, ம் ம்னு மட்டும் சொல்லுவாங்க. பாவம், பக்கத்துல ஆள் இல்லாம கெடக்காங்கன்னு நான் இன்னும் கூட நேரம் பேசினேன். ஒண்ணரை மணி நேரம்லாம் பேசியிருக்கேன். அவங்க எனக்காகத்தான் எடுத்திருக்காங்க, இல்லையா?"

ஆமாம் என்பதுதான் உண்மை. காய்ச்சலில் தான் எடுத்த நாள் அவளுக்கு நினைவு வந்தது.

"என் குரல் ஒரு மாதிரி இருக்குன்னு நீங்க அன்னைக்குக் கேட்டீங்கள்ல அண்ணாச்சி," என்றாள் மெல்ல. "நான் பொய்தான் சொன்னேன். காய்ச்சல். ஆனா நீங்க கேட்டது எனக்கு நல்லா இருந்துது. அவங்களுக்கும் அப்படி இருந்திருக்கும்."

"இருந்திருக்குமா?"

"தெரியாது. இருந்திருக்கலாம்."

அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அன்று முதல் முறையாக அவரே, "போதும் தங்கச்சி," என்று சொல்லி வைத்தார்.

தவசீலி பதிவகத்துக்குப் போனாள். மணவாளன் இரண்டு பெயர்களின் பழைய ஏடுகளையும் தேடி எடுத்தார். இரண்டும் இருபது வருடத்துக்கு முன்பு ஒரே நாளில் பதியப்பட்டிருந்தன. நடை ஒரு பெண்ணின் பெயரில், வழி கப்பலில் வேலை பார்த்த ஓர் ஆணின் பெயரில். அவர்கள் ஒருவருக்கொருவர் யார் என்று ஏட்டில் இல்லை. இரண்டு பேருமே இப்போது இல்லை. பெயர்கள் கைமாறிக்கொண்டே வந்திருக்கின்றன. அவர்கள் இரண்டு பேருக்குள் இருந்த ஏதோ ஒன்றை, முன்பின் தெரியாத மனிதர்கள் வருடக்கணக்காக, ஒருநாள் தவறாமல் செய்துவந்திருக்கிறார்கள்.

"எங்க ரெண்டு ஆபீசுக்கும் தெரியலம்மா," என்றார் மணவாளன் சங்கடத்தோடு. "அவங்க ஏடு அவங்ககிட்ட, எங்க ஏடு எங்ககிட்ட. நாங்களே ஏழு மாசம் எடுத்திருக்கோமே."

"இப்ப ரெண்டு பேரும் விடுதலை எழுதிக் கொடுத்திரலாம்லா சார்?"

"கொடுக்கலாம்." மணவாளன் கதவு பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோங்க. கூப்பிடுற கடைசி ஆளும் கையெழுத்துப் போட்டுட்டா உங்க பேருமேல வாக்கு இல்லன்னு ஆயிரும். வாக்கு இல்லாத பேரை யாரும் வந்து கேக்கலாம். உங்களைவிட எனக்குத்தான் அதிகம் தேவைன்னு நிரூபிச்சா எடுத்துக்கிடலாம். கால் கம்பெனிக்கு நடைங்கிற பேரு எவ்வளவு தேவைன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. இப்ப அவங்களால தொட முடியாது. ஏன்னா மனுசக் குரல் வேணும். அவங்ககிட்ட அது இல்ல, எல்லாம் மிசினுதான்."

தவசீலி வெளியே வந்து வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றாள். இத்தனை நாள் தன் காலைப் பொழுதைத் தின்ற வாக்குதான் ஐந்நூற்றுச் சொச்சம் பேரின் முட்டிகளைக் காத்துக்கொண்டிருந்தது. இனி வரப்போகும் எட்டாம் வரிசைக்கும், ஒன்பதாம் வரிசைக்கும் அதுதான் காவல்.

தவசீலி கோமதிநாயகத்தைக் கூப்பிட்டாள். இதுவரை அவளாகக் கூப்பிட்டதே இல்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப நான் கையெழுத்துப் போடல," என்றார் அவர். "போடாம இருக்கறதுக்கு எனக்கென்ன கஷ்டம்?"

"நான் போடுதேன் அண்ணாச்சி. உங்களை விட்டிருதேன். இனிமே நீங்க கூப்பிட வேண்டாம்."

"என் பேரைக் கேட்டு எவனும் வர மாட்டான். ஆனா உங்களுக்கு அப்படியே இருக்குமே."

"இருக்கட்டும். யாராவது கூப்பிட்டாத்தான எடுக்கணும்."

அன்று மாலையே அவருக்கான விடுதலைச் சீட்டில் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு விழிப்பு வந்தது. ஃபோன் பக்கத்திலேயே இருந்தது. ஆறரை ஆயிற்று. ஏழு ஆயிற்று. குழாயில் தண்ணீர் வந்தது. எழுந்து போய்ப் பிடித்தாள்.

நான்காம் நாள் அவரிடமிருந்து ஒரு செய்தி மட்டும் வந்தது. 'இன்னைக்கு ஏழரை வரைக்கும் தூங்கினேன். பதினொரு வருசத்துல மொத தடவ. நல்லா இருங்க.' தவசீலி அதைப் பார்த்துச் சிரித்தாள். அவருக்காகச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் கொக்குகள் இப்போது எத்தனை நிற்கின்றன என்று கேட்க ஆளில்லாதது ஒரு மாதிரியாக இருந்தது. அவர் வேறொன்றும் எழுதவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

ஒன்பதாம் நாள் காலை ஆறே கால் மணிக்கு ஃபோன் அடித்தது. தெரியாத எண்.

"நடைங்களா?" ஒரு பெண் குரல். தயக்கமாக இருந்தது.

"ஆமா, சொல்லுங்க."

"நீங்க நெசமா ஆளா, மிசினா?"

"ஆளுதான். தவசீலி."

"நான் கோவில்பட்டியில இருந்து பேசுதேன். பேச்சியம்மா. உங்க சைட்ட வச்சுத்தான் ஆகஸ்ட்ல முட்டியத் தொறந்தேன். தொறந்த அன்னைக்கே தெருவுல விழுந்துட்டேன்மா. எல்லாரும் பாத்தாங்க. அதுக்கப்புறம் வாசலத் தாண்டல. நேத்து எம்மவ எதையோ தேடுதப்ப உங்க பக்கத்துல கடைசியில ஒரு வரி கெடக்குன்னு வாசிச்சுக் காட்டினா. காலைல யாரு கூப்பிட்டாலும் தொணைக்கு வருவோம்னு. அது சும்மா போட்டதா?"

"சும்மா போட்டதில்லம்மா."

"வாசல்ல நிக்கேன். தெரு முக்கு வரைக்கும் போகணும். வந்திருதீங்களா?"

தவசீலி கட்டிலிலிருந்து இறங்கினாள். கட்டிலில் இருந்தபடியே துணை வருவதாகச் சொல்ல இந்த முறை மனம் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து, தன் தெருவில் இறங்கினாள். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்துட்டேன்மா. நானும் எங்க தெருவுலதான் நிக்கேன். பதறாம மொத அடிய எடுத்து வைங்க. ஒரு கை செவுத்துல இருக்கட்டும். எந்தக் காலு உங்க சொந்தக் காலு?"

"ரெண்டும் என் காலுதான்மா," என்றாள் பேச்சியம்மா. "இப்ப ரெண்டும் எனக்குச் சொந்தந்தான்."

தவசீலி காத்திருந்தாள். மறுமுனையில் மோட்டார் ஒன்று மெல்ல முனகியது. பிறகு மண்ணில் ஓர் அடி விழுந்த சத்தம். இவளும் ஓர் அடி எடுத்து வைத்தாள்.